கோனனுக்கு எந்த கிரேடு?

கோனன் போர்வீரனா, திருடனா? காண்டால்ஃப் எத்தனையாவது லெவல் மந்திரவாதி? அரகார்ன் எந்த வகுப்பில் வருவார்?

நம் ஆபீசில் யாராவது இப்படிக் கேட்டால், 'என்னப்பா, வெயில் தலைக்கேறிவிட்டதா?' என்று சிரிப்போம். ஆனால் அமெரிக்காவில் 1970-களிலிருந்து இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இப்போது நம்மவர் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் சிலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள். எனவே பெரியவர்களும் விஷயம் என்னவென்று தெரிந்துகொள்வது நல்லது.

தெரிந்துகொள்வதோடு நிற்க வேண்டாம். கருத்தும் சொல்லலாம். ஆளை வகுப்பில் சேர்ப்பது, லெவல் போடுவது, அந்த லெவலுக்கு ஒரு பதவிப் பெயர் சூட்டுவது, இந்த மூன்றும் ரயில்வே குமாஸ்தாவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

பிறந்த கதை

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது விளையாட்டின் பெயர். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கு ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, வாயால் ஆடும் ஆட்டம். ஒருவர் நடத்துநர். 'எதிரே குகை இருக்கிறது, உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்யப் போகிறாய்?' என்று அவர் கேட்பார். இவர்கள் பதில் சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

இதை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் கேரி கைகாக்ஸ், மற்றவர் டேவ் ஆர்னசன். 1974-ல், விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிறிய ஊரிலிருந்து, மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் வைத்து விற்றார்கள். விலை 10 டாலர். முதல் அச்சு 1,000 பெட்டிகள்.

கைகாக்ஸ் யார் தெரியுமா? பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காதவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் மேஜை வேலை பார்த்தவர். 1970-ல் அந்த வேலை போனது. அதன் பிறகு செருப்புத் தைத்துப் பிழைத்தார். அந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து எழுதிய விதிகள்தான் உலகமெங்கும் போயின. மேஜையில் உட்கார்ந்து படிவம் நிரப்பும் நமக்கு இதைக் கேட்க ஒரு மகிழ்ச்சி.

படிவம் என்று சும்மா சொல்லவில்லை. ஆட்டத்துக்கு அடிப்படையே ஒரு தாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. பலம், அறிவு, விவேகம், உடல் உறுதி, சுறுசுறுப்பு, வசீகரம் என்று ஆறு குணங்கள். மூன்று பகடை உருட்டி ஒவ்வொன்றுக்கும் 3 முதல் 18 வரை மார்க். அப்புறம் வகுப்பு. 1974-ல் மூன்றே வகுப்புகள்தான்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. 1975-ல் வந்த முதல் இணைப்புப் புத்தகத்தில் திருடன் சேர்ந்தான்.

வகுப்புக்குள் லெவல். லெவலுக்குப் பதவிப் பெயர். போர்வீரன் நாலாவது லெவலில் 'ஹீரோ'. எட்டாவதில் 'சூப்பர் ஹீரோ'. ஒன்பதாவதில் 'லார்ட்', அதாவது பிரபு. மந்திரவாதி 11-வது லெவலை எட்டினால்தான் 'விசார்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்னால் 'மீடியம்', 'சீர்' என்று கீழ்ப் பதவிகள்.

நமக்குப் பழகிய ஏணிதானே இது! 2016-ல் அமலுக்கு வந்த ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில் 18,000 ரூபாயில் தொடங்கும் லெவல் 1 முதல் இரண்டரை லட்சத்தில் நிற்கும் லெவல் 18 வரை படிகள் இல்லையா? ஜூனியர் கிளார்க் லெவல் 2, சீனியர் கிளார்க் லெவல் 5 என்று நாம் மனப்பாடமாகச் சொல்வதில்லையா? அதைப் போலத்தான்.

ஆளைப் பார்த்து உண்டான பதவி

இந்த வகுப்புகள் வானத்திலிருந்து விழவில்லை. கதைகளிலிருந்து எடுத்தவை. கைகாக்ஸ் அதை மறைக்கவில்லை. 1979-ல் வந்த நடத்துநர் கையேட்டின் கடைசியில், தாம் படித்த எழுத்தாளர்களின் பட்டியலையே கொடுத்துவிட்டார். ராபர்ட் ஹோவர்ட், ஃபிரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ், லவ்கிராஃப்ட் என்று போகும் அந்தப் பட்டியல். டோல்கினும் அதில் உண்டு.

ஜாக் வான்ஸ் 1950-ல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' என்ற நூலில் ஒரு வினோதம் வரும். மந்திரவாதி மந்திரத்தை மனதில் ஏற்றிக்கொள்வான். ஒரு முறை சொன்னதும் அது மனதை விட்டே போய்விடும். திரும்பவும் ஏடு பார்த்து ஏற்ற வேண்டும். ஆட்டத்தின் மந்திர விதி அப்படியே அங்கிருந்து வந்தது.

1975-ல் 'ரேஞ்சர்' என்ற வகுப்பு சேர்ந்தது. காட்டில் தடம் பார்ப்பவன், எல்லை காப்பவன். டோல்கினின் அரகார்னைப் பார்த்து உண்டாக்கியது. அதே ஆண்டில் 'பாலடின்' வந்தான். பாவம் செய்தால் பதவி போய்விடும் அறவீரன். அவனுக்கு மூலம், போல் ஆண்டர்சன் 1961-ல் நூலாகக் கொடுத்த 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' கதையின் ஹோல்கர். கோனனை மனதில் வைத்து 'பார்பேரியன்' வகுப்பை 1982-ல் பத்திரிகையிலும் 1985-ல் புத்தகத்திலும் கொண்டுவந்தார்கள்.

பூசாரி வகுப்பின் பிறப்பு மட்டும் வேறு. ஆர்னசன் நடத்திய ஆட்டத்தில் 'சர் ஃபாங்' என்ற ரத்தக்காட்டேரி அடங்காமல் திரிந்தது. அதை அடக்க சிலுவை ஏந்திய ஓர் ஆள் தேவைப்பட்டான். பேய்ப் படங்களில் வருகிற ஆள். அதனால்தான் மேலே சொன்ன கதைகளில் பூசாரி வகுப்புக்குப் பொருந்தும் நாயகனைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆக, முதலில் ஆள் இருந்தான். அவனைப் பார்த்துப் பதவியை உண்டாக்கினார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பதவிக்குள் ஆளைத் திணிப்பது

கோளாறு அடுத்த படியில் வந்தது. பதவிகள் உறுதியான பிறகு, கதை நாயகர்களை மறுபடி கூப்பிட்டு, 'நீ எந்த வகுப்பு, எத்தனையாவது லெவல்?' என்று கேட்கத் தொடங்கினார்கள். விளையாட்டுக் கம்பெனி நடத்திய 'டிராகன்' பத்திரிகையில் 1979 முதல் இதற்கென்றே ஒரு பகுதி வந்தது. கதைகளில் வரும் வீரர்களை ஒவ்வொருவராக எடுத்து வகுப்பு, லெவல், உயிர்ப்புள்ளி போட்டுக் கொடுப்பார்கள்.

அதற்கும் முன்பே, 1977 மார்ச் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் தலைப்பே குண்டு போடுவது போல இருந்தது. காண்டால்ஃப் வெறும் ஐந்தாவது லெவல் மந்திரவாதிதான் என்றது! எழுதியவர் பில் செலிக்மன். அவர் வாதம் எளிது. காண்டால்ஃப் கதையில் செய்துகாட்டிய மந்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். விதிப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். ஐந்தாவது லெவல்காரனே இதையெல்லாம் செய்யலாம், அதற்கு மேல் எதுவும் அவர் செய்துகாட்டவில்லை என்று முடித்தார்.

ஐந்தாவது லெவல் என்றால் 1974 விதிப்படி 'விசார்ட்' என்றே சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் பட்டத்துக்கு இன்னும் ஆறு படி ஏற வேண்டும். உலகம் முழுவதும் விசார்ட் என்றாலே நினைவுக்கு வரும் கிழவருக்கு அந்தப் பட்டம் கிடையாது என்று ஆயிற்று.

செலிக்மன் கணக்கில் பிழை இருந்ததா? அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல்படி பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. அளவுகோலில்தான் சங்கடம். டோல்கின் தம் நூலின் பிற்சேர்க்கையில் ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். காண்டால்ஃபும் அவர் கூட்டத்தாரும் அனுப்பப்பட்டபோதே ஒரு தடை உண்டு. எதிரியின் சக்தியைத் தம் சக்தியால் எதிர்க்கக் கூடாது. மிரட்டி ஆளக் கூடாது. மற்றவர்களுக்கு ஊக்கம் கொடுத்து எழுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் அவர் செய்யாமல் விட்டதுதான் அவருடைய பெருமை. செய்ததை மட்டும் எண்ணும் தாளில் அது எப்படி ஏறும்? ஃபைலில் எழுதியதை வைத்து மட்டும் ஆளை எடைபோட்டால் இப்படித்தான் ஆகும். அடக்கமானவனுக்குக் குறைந்த மார்க் விழும்.

ஒரே ஆள், பல உத்தியோகம்

கோனனுக்கு வருவோம். டெக்சாஸ் மாநிலத்தில் கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர் ராபர்ட் ஹோவர்ட். 1936-ல் முப்பதாவது வயதிலேயே மறைந்துவிட்டார். 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையில் 1932 டிசம்பரில் கோனனின் முதல் கதை வந்தது. அதில் அவன் ஏற்கனவே அரசன். கிரீடம் தலையில் இருக்கிறது. 1933 மார்ச்சில் வந்த 'தி டவர் ஆஃப் தி எலிஃபண்ட்' கதையில் இளம் திருடன். 1934 மே மாதக் கதையில் கடல் கொள்ளைக்காரன். அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய 'தி பீப்பிள் ஆஃப் தி பிளாக் சர்க்கிள்' தொடரில் மலைவாசிகளின் தலைவன். அந்தக் கதை நடக்கும் வெந்தியா என்ற நாடு நம் இந்தியாவை மனதில் வைத்து ஹோவர்ட் கற்பனை செய்தது என்பதையும் வாசகர்கள் கவனிக்கலாம்.

அரசன், திருடன், கொள்ளைக்காரன், மலைவாசித் தலைவன். இவனை எந்த வகுப்பில் போடுவது? கைகாக்ஸே 1980-ல் 'டிராகன்' பத்திரிகையில் முயன்றார். ஒரே தாளில் அடங்கவில்லை. வயதுக்கு வயது வேறு வேறு எண் போட வேண்டி வந்தது. பிறகு வந்த 'பார்பேரியன்' வகுப்போ, தொடக்க லெவல்களில் மந்திரப் பொருளைத் தொடக் கூடாது என்று ஒரு விதி வைத்தது. கோனனுக்கு மந்திரத்தின் மேல் வெறுப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவன் வாழ்க்கையை நடத்தியது வெறுப்பு மட்டுமா?

ஃபிரிட்ஸ் லைபரின் இரட்டையர் 1939 முதல் அச்சில் வந்தவர்கள். நெட்டை ஃபாஃபர்ட், குட்டை கிரே மவுசர். மவுசர் சிறுவயதில் ஒரு மந்திரவாதியிடம் எடுபிடியாக இருந்தவன். வாளிலும் கெட்டி, திருட்டிலும் கெட்டி. ஃபாஃபர்ட் வடக்கே பனி நாட்டில் பாடகனாகப் பயின்றவன். 1980-ல் கம்பெனி வெளியிட்ட 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' புத்தகத்தில் இவர்களுக்கும் தாள் தயாரித்தார்கள். ஆளுக்கு ஒரு வகுப்பு போதாமல் பல வகுப்புகளைச் சேர்த்துப் போட்டார்கள். அன்றைய விதிப்படி மனித இனத்தில் பிறந்தவன் ஒரே சமயத்தில் பல வகுப்பில் முன்னேற முடியாது. ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றுக்குப் போகலாம். அதாவது, ஆட்டத்துக்கு முன்னோடியான நாயகர்களே ஆட்டத்தின் விதிக்கு அடங்கவில்லை!

மைக்கேல் மூர்காக் 1961-ல் படைத்த எல்ரிக் இன்னும் சங்கடம். ரத்தம் செத்த வெளிறிய அரசன். மூலிகை இல்லாவிட்டால் எழுந்து நிற்க முடியாது. பெரிய மந்திரவாதி. கையிலோ உயிர் குடிக்கும் கருப்பு வாள். 1974 விதிப்படி மந்திரவாதிக்குக் குறுவாள் மட்டும்தான். அந்தக் கணக்கில் எல்ரிக் கையிலிருந்தும், காண்டால்ஃப் இடுப்பிலிருந்தும் வாளைப் பறிமுதல் செய்ய வேண்டும்.

பொன் கொண்டுவந்தால்தான் புள்ளி

லெவல் எப்படி ஏறும் என்பதையும் பாருங்கள். மூல விதிப்படி, அரக்கனைக் கொன்றால் அனுபவப் புள்ளி. புதையல் கொண்டுவந்தால் அதற்கும் புள்ளி. பொன்னுக்கு ஏற்ற புள்ளி, புள்ளிக்கு ஏற்ற பதவி.

இந்த அளவை வைத்து மேலே சொன்ன கோனனின் யானைக் கோபுரக் கதையை அளந்து பாருங்கள். உலகமே ஆசைப்படும் ஒரு மணியைத் திருட அவன் கோபுரம் ஏறுகிறான். உள்ளே சித்திரவதைப்பட்டுக் குருடாகிக் கிடக்கும் ஓர் உயிரைக் காண்கிறான். இரக்கப்படுகிறான். அது கேட்ட உதவியைச் செய்கிறான். கோபுரம் நொறுங்கி விழ, மணியும் போய், வெறுங்கையோடு திரும்புகிறான். புதையல் கணக்கில் பூஜ்யம். ஆனால் கோனன் எப்படிப்பட்ட ஆள் என்று படிப்பவனுக்குத் தெரிவது அந்த இடத்தில்தான்.

ஃபிரோடோவையும் சாமையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் புறப்பட்டதே ஒரு புதையலைத் தொலைப்பதற்கு. நெருப்பில் போட்டுவிட்டு வருவதற்கு யார் புள்ளி கொடுப்பார்கள்? 1974 விதியில் அவர்கள் இனத்தாருக்குப் போர்வீரன் வகுப்பில் நாலாவது லெவலுக்கு மேல் ஏற வழியே இல்லை. உச்சவரம்பு! வேடிக்கை என்னவென்றால், அந்த நாலாவது லெவலின் பதவிப் பெயர்தான் 'ஹீரோ'.

சாம் யார்? தோட்டக்காரன். அந்த வகுப்பே விதிப் புத்தகத்தில் இல்லை. எஜமான் நடக்க முடியாமல் விழுந்தபோது முதுகில் தூக்கிக்கொண்டு மலையேறினான். மழைக்கால இரவில் கையில் விளக்கோடு தண்டவாளத்தில் ரோந்து போகும் டிராக்மேனை நாம் அறிவோம். லெவல் 1 ஊழியர். பாலத்தருகே மண் சரிந்திருப்பதைக் கண்டு அவர் காட்டும் சிவப்பு விளக்கால் ஆயிரம் பேர் உயிரோடு ஊர் போய்ச் சேருவார்கள். அவர் சம்பளம் எந்த லெவல் என்பது ஒரு கணக்கு. அவர் யார் என்பது வேறு கணக்கு.

அர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலின் கெட் என்ற மந்திரவாதி, ஆடு மேய்த்த சிறுவன். மூன்றாவது நாவல் 1972-ல் வந்தது. அதில் உயிர்களின் உலகத்துக்கும் இறந்தவர்களின் உலகத்துக்கும் நடுவே திறந்துவிட்ட கதவை மூட, தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறார். ஒரு துளி மிச்சமில்லை. 1990-ல் வந்த நாவலில் மறுபடி ஆடு மேய்க்கப் போகிறார். இப்போது அவருக்கு எந்த லெவல்? தாளைக் கேட்டால் பூஜ்யம் என்று சொல்லும். படித்தவனைக் கேட்டால், அவர் வாழ்க்கையிலேயே உயர்ந்த படி அதுதான் என்பான்.

நல்ல பக்கமும் உண்டு

அப்படியானால் இந்த வேலையே வீணா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

செம்பூரில் குடியிருக்கும் சக ஊழியர் ஒருவரின் மகன், இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கிறான். பாடப் புத்தகம் தவிர வேறு எதையும் தொடாத பையன் என்று அவன் அப்பாவுக்குக் கவலை. நண்பர்களோடு இந்த ஆட்டத்தில் சேர்ந்தான். கோனன் முதலில் திருடன்தான் என்று வாதாடுவதற்காக, ஹோவர்ட் கதைகளை வரிவரியாகப் படித்தான். எந்த இடத்தில் சுவர் ஏறினான், எந்த இடத்தில் பூட்டைத் திறந்தான், எந்த இடத்தில் தந்திரத்தை விட்டு வாளை உருவினான் என்று நோட்டில் குறித்து வைத்திருந்தான். எனக்குக் காட்டினான். தமிழ் வாத்தியார்கள் செய்யுளைப் பிரித்துப் பொருள் சொல்வார்களே, அந்தக் கவனம் அதில் இருந்தது.

இதுதான் இந்தப் பழக்கத்தின் லாபம். வகுப்பு எது என்று முடிவு செய்ய வேண்டுமென்றால் ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் காட்ட வேண்டுமென்றால் கதையை நன்றாகப் படிக்க வேண்டும். செலிக்மனின் முடிவை நாம் ஏற்காவிட்டாலும், அவரால் எத்தனை பேர் டோல்கினை மறுபடி புரட்டியிருப்பார்கள்!

நம் தெய்வங்களுக்கும் இந்தத் தாள் போடப்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1976-ல் வந்த 'காட்ஸ், டெமிகாட்ஸ் அண்ட் ஹீரோஸ்' என்ற இணைப்பிலும், 1980-ன் புத்தகத்திலும் இந்தியப் புராணத்துக்கு ஒரு பகுதி உண்டு. இந்திரன், அக்னி, வருணன், யமன் என்று வரிசையாக உயிர்ப்புள்ளி போட்டார்கள். கேட்டதும் சிலருக்குக் கோபம் வரலாம். ஆனால் நம்மை மட்டும் குறிவைத்துச் செய்ததல்ல. கிரேக்கம், எகிப்து, வட ஐரோப்பா எல்லாத் தெய்வங்களுக்கும் அதே தாள்தான்.

1976 புத்தகத்தின் முன்னுரையில் பதிப்பாசிரியர் டிம் காஸ்க் ஒரு நோக்கமும் சொல்லியிருந்தார். நாற்பது லெவலுக்கு மேல் ஏறிவிட்டதாகப் பீற்றிக்கொள்ளும் ஆட்டக்காரர்களின் அபத்தத்தைக் காட்டுவதற்கே தெய்வங்களுக்கு எண் போட்டோம் என்றார். தேவர்களின் தலைவன் ஓடினுக்கே 300 புள்ளிதான் கொடுத்திருந்தார்கள். கர்வத்தை அடக்கத் தெய்வத்தைக் காட்டினார்கள். நடந்தது என்ன? எண் போட்டுவிட்டால், கொல்லவும் முடியும் என்று ஆகிவிடுகிறது. அளவுகோல் செய்கிற குறும்பு இது. எதை அளந்தாலும், அதை எட்டிவிடலாம் என்ற எண்ணத்தைக் கூடவே கொடுத்துவிடும்.

ஆட்டம் போட்டவர்களே கற்ற பாடம்

இந்தச் சங்கடத்தை விளையாட்டுத் துறையினரே உணர்ந்தார்கள். 1978-ல் வந்த 'ரூன்குவெஸ்ட்' என்ற ஆட்டத்தில் வகுப்பு கிடையாது, லெவல் கிடையாது. எந்தத் திறமையைப் பயன்படுத்துகிறாயோ அது வளரும். 1981-ல் லவ்கிராஃப்ட் கதைகளை ஒட்டி வந்த 'கால் ஆஃப் துலு' ஆட்டத்தில் நாயகர்கள் சாதாரண மனிதர்கள். உண்மை தெரியத் தெரிய மனத்தெளிவு குறையும். ஏற்றத்தைவிட இறக்கமே அதில் கதை.

எல்லாவற்றிலும் பெரிய சாட்சி இது: 1985-ல் அதே லேக் ஜெனிவா கம்பெனி கோனனுக்கென்றே தனியாக ஓர் ஆட்டம் வெளியிட்டது. அதில் வகுப்புகளை எடுத்துவிட்டு, திறமைகளை வைத்துப் பாத்திரத்தை அமைத்தார்கள். கோனனின் கதையைக் கோனன் கதையாக ஆட வேண்டுமென்றால் வகுப்பு இடிக்கிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

மூல ஆட்டமும் மாறியது. 2000-ல் வந்த மூன்றாவது பதிப்பில் யாரும் எந்த வகுப்பிலிருந்தும் இன்னொன்றுக்கு லெவலுக்கு லெவல் மாறலாம் என்று வழிவிட்டார்கள். 2014-ல் வந்த ஐந்தாவது பதிப்பில் பாத்திரத்தின் தாளில் வகுப்போடு கூடப் புதிய கட்டங்கள் வந்தன. அவன் முன்பு என்ன தொழில் செய்தான்? எந்த லட்சியத்துக்குக் கட்டுப்பட்டவன்? யாரோடு பாசப் பிணைப்பு? எது அவன் குறை? நாற்பது ஆண்டு கழித்து, சாமுக்கும் ஒரு கட்டம் கிடைத்தது.

நம் யோசனை

இந்த வேலையில் இறங்கும் இளைஞர்களுக்கு நாலு யோசனை சொல்லலாம்.

ஒன்று: வகுப்பை முதலில் எழுதாதீர்கள். அந்த ஆள் எதை விட்டுக்கொடுத்தான் என்பதை முதலில் எழுதுங்கள். காண்டால்ஃபும் கெட்டும் அங்கேதான் பிடிபடுவார்கள்.

இரண்டு: ஒரே தாள் போடாதீர்கள். எந்த வயதில், எந்த ஊரில் என்று குறிப்பிட்டுப் போடுங்கள். திருட்டுக் கோனன் வேறு, அரசன் கோனன் வேறு. ஊர் மாறினால் ஆள் மாறுவான் என்பதைப் பிழைக்க வந்த ஊரில் நாலு உத்தியோகம் பார்த்த நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மூன்று: விதிக்கு ஆள் பொருந்தாவிட்டால் ஆளை வெட்டாதீர்கள். விதியை ஒதுக்கி வையுங்கள். எல்ரிக் கையில் வாள் இருக்கட்டும்.

நான்கு: யாருக்கு லெவல் அதிகம் என்ற சண்டையை விடுங்கள். கோனனும் காண்டால்ஃபும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்பது டீக்கடைப் பேச்சுக்குச் சுவை. அதில் கதைக்கு ஒரு லாபமும் இல்லை.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுகிறான் என்றதும் சூதாட்டம் என்று அடிக்கப் போகாதீர்கள். காசு வைத்து ஆடும் ஆட்டம் அல்ல இது. 'உன் ஆள் என்ன வகுப்பு?' என்று கேளுங்கள். அவன் உற்சாகமாகச் சொல்வான். அடுத்து, 'அது இருக்கட்டும், அவன் எப்படிப்பட்டவன்?' என்று கேளுங்கள். அதற்கு அவன் யோசித்துப் பதில் சொல்லத் தொடங்கினால், அந்த விளையாட்டு அவனுக்கு நல்லது செய்கிறது என்று அர்த்தம்.

ஏனென்றால் நாளைக்கு இந்தப் பிள்ளைகளும் ஏதாவது ஒரு லெவலில் போய் உட்காரத்தான் போகிறார்கள். மார்க், ரேங்க், கிரேடு என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு தாள் அவர்களுக்காகக் காத்திருக்கிறது. மெட்ரிக்குலேஷனோடு படிப்பு முடிந்தவனுக்கு ஓர் எண், பட்டதாரிக்கு ஓர் எண். சம்பளப் பட்டியல் போட அந்த எண் வேண்டும். அது இல்லாமல் ஆபீஸ் நடக்காது. ஆனால் அந்த எண்ணைக் கொண்டு அடுத்தவனையோ தன்னையோ அளக்கத் தொடங்கினால் ஆபத்து.

காண்டால்ஃப் ஐந்தாவது லெவல் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரியாகவும் இருந்தது. ஆனாலும் படித்தவர்கள் யாரும் காண்டால்ஃபைக் குறைவாக நினைக்கத் தொடங்கவில்லை. அதை நம் பிள்ளைகள் இந்த ஆட்டத்திலிருந்து கற்றுக்கொண்டால் போதும். பகடைக்குக் கொடுத்த காசு வீண்போகாது.